பைத்தானில் ஓர் ஆறு: வளைவுகள் நகர்வதைக் கணித்துப் பார்ப்போம்

பெரு நாட்டின் உகயாலி ஆற்றை கூகுள் எர்த் டைம்லாப்ஸில் 1984-லிருந்து ஓட்டிப் பாருங்கள். வளைவுகள் பெருத்து, நகர்ந்து, கடைசியில் அறுபட்டுக் குருட்டு ஆறுகளாகக் கிடக்கும். மசிசேயா அருகே 1997-ல் ஒரு பெரிய வளைவு இப்படித்தான் துண்டானது. பைத்தான் நிரல்மொழியும், எண் கணக்குகளுக்கான அதன் நம்பை (NumPy) நூலகமும் தெரிந்தால் இதை நாமே உருவாக்கலாம். ஆய்வாளர்கள் ஹோவர்டும் க்னூட்சனும் 1984-ல் வெளியிட்ட எளிய முறையே போதும்.

படி 1: 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோடு, 200 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஆற்றின் அகலம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துல்லியமான நேர்கோட்டில் எதுவும் நடக்காது. அதனால் புள்ளிகளை 5 மீட்டர் வரை அங்குமிங்கும் தள்ளிவிடுங்கள்.

படி 2: ஒவ்வொரு புள்ளியிலும் அகலத்தை வளைவின் ஆரத்தால் வகுத்து, 60-ஆல் பெருக்குங்கள். ஆறு பக்கவாட்டில் ஆண்டுக்கு இத்தனை மீட்டர் நகரும் என்ற தொடக்க வேகம் கிடைக்கும். ஆறு இடப்பக்கம் திரும்பினால் கூட்டல் குறி, வலப்பக்கம் திரும்பினால் கழித்தல் குறி.

படி 3: இதுதான் உயிர்நாடி, நிதானமாகப் படியுங்கள். வெளிக்கரை அரிக்கும், உட்கரையில் மணல் படியும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அதை மட்டும் நம்பி, தொடக்க வேகத்தில் புள்ளிகளை வெளிப்பக்கம் நகர்த்தினால் குட்டி நெளிவுகள்தான் முந்திக்கொண்டு வளரும். சீக்கிரமே கோடு ரம்பப் பல்லாகிவிடும். உண்மையில், மேலே கடந்துவந்த வளைவுகளின் தாக்கத்தையும் நீரோட்டம் சுமந்து வருகிறது. ஆகவே அந்தந்த இடத்து வேகத்தை -1-ஆலும், மேலிருக்கும் புள்ளிகளின் எடையிட்ட சராசரியை 2.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். தொலைவு கூடக்கூட எடை குறைய வேண்டும்: ஒவ்வொரு 900 மீட்டருக்கும் 37 சதவீதமாக. அந்த -1 குட்டி நெளிவுகளை அமுக்கிவிடும், 2.5 பெரிய வளைவுகளை வளர்க்கும்.

படி 4: விடை கூட்டலாக வந்தால் புள்ளியை வலப்பக்கமும், கழித்தலாக வந்தால் இடப்பக்கமும் நகர்த்துங்கள். ஒரு சுற்றுக்கு 0.1 ஆண்டு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் புள்ளிகளை மறுபடி 200 மீட்டர் இடைவெளியில் பரப்புங்கள். இதை விட்டுவிட்டால் சில இடங்களில் புள்ளிகள் நெருக்கியடித்துக் கணக்கு உடைந்துபோகும்.

படி 5: ஆற்றின் வழியாக வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகள் 600 மீட்டருக்குள் வந்துவிட்டால் கரைகள் முட்டிவிட்டன என்று பொருள். இடையிலுள்ள புள்ளிகளை நீக்கித் தனியே சேமியுங்கள். அதுதான் உங்கள் குருட்டு ஆறு.

சில நூறு ஆண்டுகள் ஓடவிடுங்கள். வளைவுகள் மெலிதாக இருக்கும்போதே அடுத்தடுத்த இரண்டு இடப்பக்க வளைவுகளுக்கு இடையே அளந்தால் சுமார் 7 கிலோமீட்டர் வரும், அதாவது அகலத்தைப் போல் 12 மடங்கு. இயற்கை ஆறுகளில் இது பெரும்பாலும் 10 முதல் 14 மடங்கு. பிறகு 900-ஐ 1,800 ஆக்கிப் பாருங்கள், வளைவுகளும் இருமடங்கு நீளும். ஆழம் கூடி உராய்வு குறைந்த ஆறுகளின் குணம் அது.