பயாஸ் ஃபிளாஷ்: மதர்போர்டை முடக்கிப்போடும் தவறுகள்

பயாஸ் என்பது கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்; அதை மதர்போர்டின் சிப்பில் புதிதாக எழுதுவதுதான் ஃபிளாஷ். பயாஸ் ஃபிளாஷ் செய்யும்போது மின்சாரம் போய்விடக் கூடாது என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். சரியான எச்சரிக்கைதான், யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்கவே இறங்காதீர்கள். ஆனால் மின்சாரம் ஒழுங்காக இருந்தும் போர்டை முடக்கிப்போடுகிற தவறுகள் பல உண்டு. அவற்றில் தலையாயது, சிப்பில் இப்போது இருப்பதைப் படியெடுத்து வைக்காமலேயே புதியதை எழுதுவது.

“நிறுவனத்தின் தளத்திலேயே பயாஸ் கோப்பு கிடைக்கிறதே, பேக்கப் எதற்கு?” என்று கேட்பவர்கள், அந்தக் கோப்பும் தங்கள் சிப்பில் உள்ளதும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மதர்போர்டின் ஓரத்தில் எட்டுக் கால்களுடன் இருக்கும் அந்தச் சிறிய சிப்பில் பயாஸ் மட்டும் குடியிருப்பதில்லை. இன்டெல் போர்டாக இருந்தால் டிஸ்கிரிப்டர் (சிப்பின் பகுதிகள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு), மேனேஜ்மென்ட் என்ஜின் (இன்டெலின் தனிக் கட்டுப்பாட்டு மென்பொருள்), பயாஸ் எனத் தனித்தனிப் பகுதிகள் இருக்கும். பல போர்டுகளில் லேன் போர்ட்டின் மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) அங்கேதான் இருக்கிறது. லேப்டாப்பின் வரிசை எண், விண்டோஸ் 8 காலம் முதல் தயாரிப்பாளரே பதித்துத் தரும் விண்டோஸ் உரிமச் சாவி ஆகியவையும் பெரும்பாலும் இதே சிப்பில்தான். தளத்திலிருந்து இறக்கும் கோப்பில் உங்களுக்கே உரிய இந்த விவரங்கள் இருக்காது. வேறொருவரின் டம்ப்பை (சிப்பிலிருந்து படியெடுத்த கோப்பை) அப்படியே எழுதினால் அவருடைய மேக் முகவரியும் கூடவே வந்துவிடும். ஒரே அலுவலகத்தில் இரண்டு கணினிகளுக்கு ஒரே முகவரி என்றால் நெட்வொர்க் விட்டுவிட்டு அறுந்துகொண்டே இருக்கும். காரணம் பயாஸ் என்று யாருக்கும் தோன்றாது.

படியெடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. சிப்பைப் படித்து எழுதும் கருவியான புரோகிராமரை, சிப்பின் கால்களோடு இணைப்பது ஒரு கிளிப். அது சரியாகப் பதியாவிட்டாலும் மென்பொருள் “படித்தாயிற்று” என்றே சொல்லும். கோப்பைத் திறந்தால் எல்லாம் வெறும் எஃப்எஃப் அல்லது சுழியமாக இருக்கும். ஆகவே இரண்டு முறை படியுங்கள். நடுவில் கிளிப்பைக் கழற்றி மாட்டுங்கள். இரு கோப்புகளின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருக்க வேண்டும். முழுச் சிப்பையும் படித்த இன்டெல் டம்ப் என்றால், தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளி 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்ற நான்கு பைட்டுகள் தெரியும். தெரியாவிட்டால் அந்தப் படியை நம்பாதீர்கள்.

மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமரைப் பலரும் வாங்குகிறார்கள். அதன் பல பதிப்புகளில் சிப்புக்கான மின்சாரம் 3.3 வோல்ட்டாக இருந்தாலும், தரவுக் கால்களில் 5 வோல்ட் வருகிறது. 3.3 வோல்ட் சிப்புகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன என்பதற்காக அது சரியாகிவிடாது. மின்னழுத்தம் திருத்தப்பட்ட பதிப்பை வாங்குங்கள். பல லேப்டாப்புகளில் இருப்பதோ 1.8 வோல்ட் சிப். வின்பாண்ட் சிப்பில் 25கியூ64எஃப்வி என்றால் 3.3 வோல்ட் வகை, 25கியூ64எஃப்டபிள்யூ என்றால் 1.8 வோல்ட் வகை. ஓர் எழுத்துதான் வேறுபாடு. டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் படித்து உறுதிசெய்யுங்கள், 1.8 வோல்ட் என்றால் அதற்கான அடாப்டர் இல்லாமல் கிளிப்பை மாட்டவே கூடாது. கிளிப்பின் சிவப்பு வயர் சிப்பில் புள்ளியிட்ட முதல் காலுக்கு வர வேண்டும். எஸ்எம்பிஎஸ் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டும். லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றியிருக்க வேண்டும்.

அடுத்தது கோப்பு. மாடல் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. போர்டின் மூலையில் அச்சிட்டிருக்கும் ரீவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும், ரீவிஷன் 1.0-க்கான பயாஸ் 2.0-க்கு ஒத்துவரும் என்று யாரும் உறுதி தர முடியாது. புதிய பதிப்பு என்பதாலேயே அது உங்களுக்கானது என்றும் ஆகாது. 2019-இல் ஏஎம்டியின் ரைசன் 3000 புராசஸர்கள் வந்தபோது, அவை பொருந்தும் ஏஎம்4 போர்டுகளின் 16 மெகாபைட் சிப்பில் இடம் போதாமல், சில நிறுவனங்கள் பழைய பிரிஸ்டல் ரிட்ஜ் புராசஸர்களுக்கான ஆதரவைப் புதிய பயாஸிலிருந்து நீக்கின. குறிப்பைப் படிக்காமல் ஏற்றியவரின் கணினி அதன்பின் எழவில்லை என்றால் வியப்பில்லை.

புரோகிராமரில் எழுதுவதற்குமுன் கோப்பின் அளவைப் பாருங்கள். 8 மெகாபைட் சிப் என்றால் சரியாக 83,88,608 பைட் இருக்க வேண்டும். பழைய ஆசுஸ் போர்டுகளின் ‘கேப்’ கோப்பில் 2,048 பைட் கூடுதலாக இருக்கும். அது முகப்புத் தலைப்பு. அதை நீக்காமல் சிப்பில் எழுதினால் எல்லாமே 2,048 பைட் தள்ளிப்போய் உட்காரும். கணினி உயிர்பெறாது.

பயாஸை மாற்றியமைப்பவர்களில் பலரின் தேவை ஒன்றுதான்: எச்61, பி75 போன்ற பழைய போர்டில் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்வது. நியாயமான ஆசை, நன்றாக உழைக்கிற போர்டைக் குப்பையில் போட வேண்டியதில்லை. பயாஸ் கோப்பைப் பிரித்துக் காட்டும் யுஇஎஃப்ஐடூல் என்ற மென்பொருள் கொண்டு, என்விஎம்இ டிரைவரை டிஎக்ஸ்இ டிரைவர்களின் (கணினி எழும்போது பயாஸ் ஏற்றும் டிரைவர்களின்) வரிசையில் கடைசியாகச் சேர்ப்பார்கள். இதில் மூன்று இடங்களில் சறுக்கல் வரும். முதலாவது, அந்த மென்பொருளின் ‘நியூ என்ஜின்’ பதிப்பால் படிக்கத்தான் முடியும். திருத்துவதற்குப் பழைய 0.28 பதிப்பு வேண்டும். இரண்டாவது, 4 மெகாபைட் சிப்பில் இடம் நெருக்கடியாக இருக்கும். கண்ணில் பட்ட மாட்யூலை அழித்து இடம் பிடிக்காமல், அளவு குறைத்த டிரைவர் கோப்பைப் பயன்படுத்துங்கள். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. சேமித்தபின் சில ‘பேட்’ (pad, இடம் நிரப்பும்) கோப்புகள் தாமாகவே மறைந்துபோகும், அல்லது புதிதாக முளைக்கும். மூலத்தையும் திருத்தியதையும் இரண்டு சன்னல்களில் அருகருகே திறந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். நீங்கள் சேர்த்த ஒன்றைத் தவிர வேறு மாற்றம் தெரிந்தால் அதை ஃபிளாஷ் செய்யாதீர்கள்.

இன்டெல் நான்காம் தலைமுறைக்குப் பிறகு வந்த பல லேப்டாப்புகளில், பயாஸில் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா என்று கணினி எழும்போதே சோதிக்கும் பூட் கார்டு (Boot Guard) இயக்கப்பட்டிருக்கிறது. அதற்கான சாவியின் அடையாளம் சிப்செட்டிலேயே நிரந்தரமாகப் பதிந்திருப்பதால், அது காக்கும் பகுதியில் கைவைத்தால் கணினி எழாது. புரோகிராமர் வைத்திருந்தாலும் இதைத் தாண்ட வழியில்லை. முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, இருந்தால் விட்டுவிடுங்கள்.

“ஓடுகிற கணினியில் பயாஸைத் தொடாதே” என்பதும் இப்போது பழசாகிப்போன அறிவுரை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள் மிகை மின்னழுத்தத்தால் சீர்கெடுவதைத் தடுக்கும் மைக்ரோகோடு (புராசஸரின் உள்ளியக்கத்துக்கான திருத்தம்) 2024-இல் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் பரவலாக வந்தது. அதைத் தள்ளிப்போடுவதும் தவறுதான்.

ஃபிளாஷ் செய்வதற்கு முன்பே விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரை இடைநிறுத்தி, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். பயாஸ் அமைப்புகளில் சாட்டா பயன்முறை (வட்டுகளை இயக்கும் முறை) ஏஹெச்சிஐயா, ரெய்டா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் செய்தபின் அது மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். எழுதி முடித்தபின் கணினி இரண்டு மூன்று முறை தானாகவே அணைந்து எரியலாம். டிடிஆர்5 ராம் என்றால் கறுப்புத் திரையுடன் சில நிமிடங்கள்கூட அப்படியே நிற்கும். ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள்; ஒரு பதினைந்து நிமிடமாவது விடுங்கள். அதற்குப் பிறகும் எழவில்லை என்றால் கிளிப்பை எடுத்து, முதலில் எடுத்துவைத்த டம்ப்பைத் திரும்ப எழுதி, சரிபார்ப்பையும் ஓட்டிவிட்டு அதன்பின் மின்சாரம் கொடுங்கள்.