நோயின் பெயரிலிருந்து படிக்காதீர்கள்: அவசர மருத்துவத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை. இரவு இரண்டு மணி. தரையில் பாய் விரித்துத் தூங்கிய ஒருவரை வயிற்று வலி என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது, உடலில் கடிவாய் எங்குமில்லை. டெல்டாவில் வேலை பார்த்த செவிலியர் இதைக் கேட்டதுமே கட்டுவிரியன் என்று சொல்லிவிடுவார். ஆனால் பாம்புக்கடி அத்தியாயத்தை முழுவதும் ஒப்பிக்கத் தெரிந்த முதுநிலை மாணவர்கள் சிலர், மாதிரி வாய்மொழித் தேர்வில் இதே நோயாளியை வைத்துக் கேட்டால் குடல்வால் அழற்சியில் தொடங்குகிறார்கள்.

நான் காணும் பெருந்தவறு இதுதான். நோயின் பெயரிலிருந்து படிக்கிறார்கள். நோயாளியோ பெயரைச் சுமந்துகொண்டு வருவதில்லை. இந்தியாவில் அவசர மருத்துவம் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றதே 2009இல்தான். அதனால் பொது மருத்துவத் தேர்வுக்குப் படித்த பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. மீள்படிப்புக் குறிப்பேட்டின் தலைப்புகளை மாற்றுங்கள். ‘மூச்சுத்திணறல்’, ‘நினைவிழப்பு’, ‘நெஞ்சுவலி’ என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் முதலில் உயிரைப் பறிப்பது எது, முதல் ஐந்து நிமிடத்தில் கை என்ன செய்ய வேண்டும் என்று குறியுங்கள். நோயின் பெயர்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

அடுத்தது, வெளிநாட்டுப் பாடநூலை மட்டும் நம்புவது. அவை நல்ல நூல்கள்தாம். நானும் அவற்றில்தான் படித்தேன். ஆனால் நம் ஊரில் நஞ்சாக உட்கொள்ளப்படும் அரளிவிதையும் ஒடுவந்தழையும் அங்கே சில வரிகளில் முடிந்துவிடும், அல்லது இருக்கவே இருக்காது. ஒடுவந்தழை அரைத்துக் குடித்தவர் முதலில் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். பிறகு பொட்டாசியம் சரியும், இரத்தத்தில் அமிலம் ஏறும், இதயத்துடிப்பு தடுமாறும். வயல் மருந்து (பூச்சிக்கொல்லி) குடித்தவருக்கு முறிமருந்தான அட்ரோபின் அளவு என்ன என்றால் எல்லோரும் சொல்கிறார்கள். எதைப் பார்த்து நிறுத்துவீர்கள் என்று கேட்டால் பலரும் கண்மணி விரிவதைச் சொல்கிறார்கள். முதலில் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வையுங்கள். நுரையீரலில் நீர்ச்சத்தம் அடங்க வேண்டும், இரத்த அழுத்தமும் நாடியும் தேற வேண்டும், அக்குள் காய வேண்டும். அதுவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்குகிறோம். பாராகுவாட் களைக்கொல்லியில் இன்னொரு பொறி இருக்கிறது. பழக்கத்தில் ஆக்சிஜன் கொடுத்துவிடுவோம். ஆக்சிஜன் அளவு மிகக் குறைந்தாலன்றி அது நுரையீரல் சேதத்தை அதிகமாக்கும். தேர்வாளர் கேட்காவிட்டாலும் இவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த வாரமே அந்த நோயாளி வருவார்.

மஞ்சள் மையால் கோடிழுத்து, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் மீள்படிப்பு ஆகாது. கண்ணுக்குப் பழகிய வரி மூளையில் பதிந்ததாகத் தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டு, டூட்டி அறையில் உடன் படிப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கட்டுவிரியன் கடியில், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை வலுப்படுத்தும் நியோஸ்டிக்மின் மருந்து ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்பதற்கு, நஞ்சு நரம்பின் முனையையே சிதைக்கிறது என்று தடங்கலில்லாமல் விளக்க வந்தால் போதும். செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு திறனையும் செய்துகாட்டும் நிலையங்களுக்கு இன்னும் கூடுதல் பயிற்சி தேவை. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செ.மீ. ஆழம் என்று எழுதத் தெரிந்தவரின் கை, பொம்மையின் மேல் இரண்டாம் நிமிடத்தில் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். இறப்புச் செய்தியை உறவினரிடம் சொல்லும் நிலையத்தை யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. ‘அப்பா இறந்துவிட்டார்’ என்ற சொல்லைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால், எதிரே நிற்கும் மகனுக்கு எதுவும் புரியாது.

ஆய்வேட்டைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். படிக்கவேண்டிய மாதங்களை அது விழுங்கிவிடும்.

முதுநிலைப் படிப்பின் நடுவே மாவட்ட மருத்துவமனையில் செய்யும் மூன்று மாதப் பணியை ஓய்வுக்காலமாக எண்ணுவது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. இரவில் ஸ்கேன் எடுக்க வழியில்லாத மருத்துவமனையில் நின்று பாருங்கள். கோடியக்கரைப் பக்கமிருந்து தஞ்சாவூர் 100 கிலோமீட்டருக்கும் மேல். மூச்சுக்குழாயை இங்கேயே போடுவதா, நெஞ்சில் குழாய் வைத்துவிட்டு அனுப்புவதா, 108 வண்டியில் யார் உடன் போவது என்று நீங்களே முடிவெடுத்த இரவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வாய்மொழித் தேர்வில் மேசைக்கு எதிரே இருப்பவர் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.