கேமராவுக்கு முன்னால் கம்ப்யூட்டர்: கடற்கரை வீட்டில் வீடியோ எடிட்டிங்

பாம்பன், மண்டபம் பக்கம் வீடியோ எடுக்க ஆரம்பிக்கிற தம்பிகள் எல்லாரும் "அண்ணே, எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் அப்படித்தான். சேர்த்த காசையெல்லாம் 4கே கேமராவில் போட்டுவிட்டு, தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதை எடுத்துவந்து, 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் எடிட் பண்ண உட்கார்ந்தேன். வலை இழுப்பவர் ஒரு எட்டு வைப்பார், அப்படியே நிற்பார். நான் டீ குடித்துவிட்டு வந்தபிறகுதான் அடுத்த எட்டு. அதனால்தான் சொல்கிறேன், கேமரா வாங்குவதற்கு முன்பே கம்ப்யூட்டரைப் பாருங்கள்.

படி 1: போனில் ஒரு நிமிடம் 4கே எடுத்து, எத்தனை எம்பி என்று பாருங்கள். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதியும் கேமரா என்றால், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், 8-ஆல் வகுங்கள்; நொடிக்கு 12.5 எம்பி, நிமிடத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. கம்ப்யூட்டரோடு வரும் 512 ஜிபி டிஸ்க் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று இப்போது தெரியும். அது விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் இருக்கட்டும். வீடியோவுக்குத் தனியாக 1 டிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) வையுங்கள்.

படி 2: ராம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. பின்னால் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எச்.265 என்ற முறையில் சுருக்கிப் பதிந்த வீடியோ அளவில் சிறியது, ஆனால் அதைப் பிரித்துக் காட்டப் பிராசசர் படாதபாடு படும். அசெம்பிள் செய்பவர்களுக்கு ஒன்று: பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசரில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் படமே வராது. கரண்ட் அடிக்கடி போகிற ஊரென்றால் என் ஓட்டு லேப்டாப்புக்கு. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: அந்த ஒரு நிமிட வீடியோவை பென்டிரைவில் போட்டு ராமநாதபுரம் கடைக்கே கொண்டுபோங்கள். எடிட் பண்ண டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். இரண்டு அடுக்காக வைத்து ஓட்டுங்கள். திக்கினால், 'பிராக்ஸி' போட்டுப் பாருங்கள்: மென்பொருள் சின்ன நகல் ஒன்றை உண்டாக்கும், நீங்கள் அதில் வெட்டி ஒட்டலாம், கடைசியில் அசல் தரத்திலேயே வெளிவரும். கொஞ்சம் பழைய கம்ப்யூட்டரும் இதில் பிழைத்துக்கொள்ளும்.

படி 4: இனி கேமரா. முதலில் வெளி மைக் சொருக ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கேமராவின் சொந்த மைக்கில் 'புஸ்... புஸ்...' தவிர ஒன்றும் கேட்காது. ரோமம் வைத்த உறை போட்ட மைக் கட்டாயம். மதிய வெயிலில் மணலும் தண்ணீரும் வெளுத்துப்போகும், அதற்கு என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி. மெமரி கார்டில் 'வி30' என்று அச்சிட்டிருந்தால் நொடிக்கு 30 எம்பி குறையாமல் எழுதும், நமக்குத் தாராளம். வீட்டுக்குள் டியூப்லைட் வரிவரியாக மினுங்கினால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோடு இது ஒத்துப்போகும்.

படி 5: உப்பு. கடற்கரையில் லென்ஸ் மாட்டிக் கழற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பம்ப்பால் மணலை ஊதித் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் கேமராவின் வெளிப்புறத்தை ஒற்றி எடுங்கள். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நான் முதல் நாளே தோளில் கிடந்த துண்டால் ஃபில்டரை அழுத்தித் துடைத்தேன். சூரியனைப் பார்த்து எடுத்தால் அந்தக் கீறல் இன்னும் பளிச்சென்று விழுகிறது.