பினாங்கு, போர்ட் கிளாங், ஃபுகெட்: டூர் எடுக்கலாமா, தனியா சுத்தலாமா?

சிங்கப்பூர்லேருந்து க்ரூஸ் போறவங்க முதல்ல பாக்க வேண்டியது துறைமுகத்துக்கும் ஊருக்கும் எவ்ளோ தூரம்னுதான், விலைய அப்புறம் பாருங்க.

பினாங்குல கப்பல்காரங்க விக்கிற டூருக்கு காசு குடுக்காதீங்க ப்ளீஸ். ஸ்வெட்டன்ஹம் பையர்ல இறங்கினா ஜார்ஜ் டவுன்தான், கார்ன்வாலிஸ் கோட்டை, லிட்டில் இந்தியா, மகா மாரியம்மன் கோயில் எல்லாம் நடந்தே போயிடலாம், பசிச்சா நாசி கந்தார் கடைல குழம்ப கலந்து ஊத்தச் சொல்லி சாப்டுங்க, அந்த ருசிய பஸ்ல கூட்டமா போனா நிதானமா அனுபவிக்க முடியாது.

போர்ட் கிளாங் வேற கதை. கோலாலம்பூர் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ட்ராஃபிக்ல மாட்டினா இன்னும் இழுக்கும். கப்பல்காரங்க டூர் லேட்டானா பொதுவா கப்பல் காத்திருக்கும், நீங்களா போய் லேட்டானா கிளம்பிடும். பெரியவங்க, குழந்தைங்க கூட இருந்தா இங்க டூரே நல்லது.

ஃபுகெட்ல பாதோங் பீச் பக்கம் கடல்ல நிக்கிற கப்பல்னா சின்ன படகுல கரைக்கு வரணும், அந்த க்யூவுக்கும் நேரம் ஒதுக்குங்க. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர விட 1 மணி நேரம் பின்னாடி, ஆனா திரும்பி ஏற வேண்டிய நேரம் கப்பல் கடிகாரப்படிதான், போன் தானா மாறிடும், அதனால கப்பல் நேரத்துக்கு வச்ச சாதா வாட்ச் கட்டிட்டு இறங்குங்க.