எக்ஸ்எல்ஆர் கேபிள் மாட்டியதும் பேஸ் இளைத்துவிட்டதா?

அஸ்தம்பட்டியில் ஒரு நண்பர் வீட்டு செட்டப். ஸ்பீக்கரை ஓட்டும் பழைய ஜப்பான் பவர் ஆம்ப், அதற்குச் சிக்னல் தரும் புது ப்ரீஆம்ப், பேஸுக்கு (அடி ஒலிக்கு) மட்டும் தனி சப்வூஃபர். இரண்டு ஆம்புக்கும் நடுவே ஆர்சிஏ என்ற சாதாரண ஆடியோ கேபிளில் கும்மென்று இருந்த தவில், மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர்-க்கு மாற்றியதும் சப்பென்று ஆகிவிட்டது. கேபிள்மீது சந்தேகப்பட்டு இன்னும் விலை கூடியது வாங்கவிருந்தார். தேவையே இல்லை.

எக்ஸ்எல்ஆர்-இல் 1-வது பின் எர்த். சிக்னலின் பாசிட்டிவ் 2-வது பின்னில் வரவேண்டும் என்று ஏஇஎஸ் (ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி) தரநிலை 1992-இல் வகுத்தது. அதற்கு முந்தைய கருவிகள் பலவற்றில் 3-வது பின்தான் பாசிட்டிவ். இரண்டையும் கலந்தால் சிக்னல் தலைகீழாகும். இரு ஸ்பீக்கரும் சேர்ந்தே கவிழ்ந்தால் பெரும்பாலோர் காதுக்குத் தெரியாது. ஆனால் சப்வூஃபர் ஆர்சிஏ வழியாக நேராக நிற்கிறதே! இரண்டும் சந்திக்கும் 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்று தள்ள, மற்றது இழுக்கும். பேஸ் அங்கேதான் கரைகிறது.

முதலில் மேனுவலையோ ஆம்பின் பின்பக்கத்தையோ பாருங்கள். எந்த பின் பாசிட்டிவ் என்ற விவரம் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். பிறகு ஆம்பை அணைத்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பு, கறுப்பு வயர்களை இடம் மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் நடுவில் நிற்கும் பாடகர் குரல் அறை முழுக்கச் சிதறிவிடும். சப்வூஃபரில் சிக்னலைத் தலைகீழாக்கும் 0/180 சுவிட்ச் இருந்தால் வயரைத் தொடவே வேண்டாம், அதைத் தட்டினாலே போதும்.

சால்டரிங் தெரிந்தவர்கள் இடம், வலம் இரண்டு கேபிளிலும் ஒரு முனையில் மட்டும் 2, 3-வது பின் வயர்களை இடம் மாற்றலாம். செய்தால் அந்த முனையில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள், அடுத்த வருஷம் வேறு ஆம்பில் மாட்டிக் குழம்பாமல் இருக்க.