மீனவர் வீட்டு வாத்தியாரைக் கடற்கரைப் பள்ளியில் தக்கவைப்பது எப்படி

மீனவர் வீட்டுப் பையன் ஒருவர் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முடித்து, பாம்பன் பக்கமோ தொண்டி பக்கமோ ஆசிரியராக வந்தால் ஊரே சந்தோஷப்படுகிறது. நான்கு வருடம் கழித்து மாறுதல் கலந்தாய்வில் மதுரைப் பக்கம் போய்விடுகிறார். அடிப்படைச் சம்பளம் எங்கே போனாலும் ஒன்றுதான், அப்புறம் ஏன் போகிறார்?

நான் பார்த்தவரை முதல் காரணம், அவரை நாம் பஞ்சாயத்து பேசுகிறவராக ஆக்கிவிடுவது. பையன் நாலு நாளாக வரவில்லையா, "சார், உங்க ஊர்தானே, போய்க் கூட்டிட்டு வாங்க." அடங்காத பையனா, அவர் வகுப்புக்கு அனுப்பு. இது இங்கே மட்டும் இல்லை. அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின ஆண் ஆசிரியர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. "பாடம் சொல்லித்தர வந்த எங்களை மிரட்டி அடக்குகிற ஆளாகவே வைத்துக்கொள்கிறார்கள்" என்பது அவர்களும் சொல்கிற குறைதான். தலைமையாசிரியர்களே, வீடு தேடிப் போகிற வேலையை எல்லோருக்கும் முறை வையுங்கள். வெளியூர் ஆசிரியரும் ஒரு நாள் கரையில் நின்று, வலை சிக்கெடுக்கிற அப்பாவிடம் பேசட்டும்.

அடுத்து, அவருக்குத் தெரிந்ததைப் பாடமாக மதியுங்கள். ஒரு இளம் ஆசிரியர் காற்று பற்றிய பாடத்தில் கரும்பலகையில் நான்கு திசை வரைந்து வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று மீனவர் சொல்கிற காற்றுப் பெயர்களை எழுதினார். கடைசி பெஞ்சில் எப்போதும் தலை கவிழ்ந்தே இருக்கும் பையன் எழுந்து, "சார், வாடை எந்த மாசம் திரும்பும்னு எனக்குத் தெரியும்" என்றான். அன்று மணி அடித்தும் அவன் உட்காரவில்லை. ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டக் கடற்கரைக்கே கூட்டிப்போனதை அப்துல் கலாம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்த மாதிரிப் பாடம்தான் இது. இதைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் அவரையே நடத்திக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சூர் டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம்) பயிற்சிக்குப் பெயர் கேட்டால் அவர் பெயரையும் கொடுங்கள்.

ஒரு பள்ளியில் அவர் மாதிரி ஒருவர்தான் இருப்பார். அதனால் மண்டபம் முதல் ராமேஸ்வரம் வரை இருக்கிற நாலைந்து பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடட்டும். அதிகாரி வேண்டாம், பதிவேடு வேண்டாம், டீ போதும். புதிதாக வந்தவருக்கு முதல் இரண்டு வருடம் மூத்தவர் ஒருவர் அண்ணனாக இருக்கட்டும். அண்ணன் படகுக்குக் கடன், தங்கை கல்யாணம் என்று வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் படுகிற பாட்டை அங்கேதான் வாய்விட்டுச் சொல்ல முடியும்.

ஊர்க்காரர்களுக்கும் வேலை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். பள்ளி திறந்த கையோடு, அந்தத் தேதிக்குள் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்தை வைத்து அவர்களை வரவழையுங்கள். இந்த ஆசிரியர் என்ன நடத்துகிறார் என்று அவர் வாயாலேயே அப்பாக்கள் கேட்கட்டும்.

கலந்தாய்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். பொங்கல் லீவு முடிந்ததும் அந்த ஆசிரியரை உட்காரவைத்து, "இங்கே உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது அந்த மாதமே சரிசெய்து கொடுங்கள்.