ஞானியிடமும் உளவியலாளரிடமும் கதைக்கு எதை எடுப்பது?

யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியையோ உளவியலாளர் கார்ல் யுங்கையோ ஆழ்ந்து வாசித்தவர் கதை எழுத உட்கார்ந்தால், மூன்றாம் பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர் வந்து உபதேசம் தொடங்கிவிடுவார். கதை அங்கேயே நின்றுபோகும். பல வருடப் பாடுபட்டு ஒருவர் கண்ட முடிவை, எந்தப் பாடும் படாத பாத்திரத்தின் வாயில் வைப்பதால் வரும் கோளாறு இது. முடிவை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அந்த முடிவுக்கு வரமுன் மனிதரை அவர்கள் எப்படிக் கவனித்தார்கள் என்பதுதான் கதைக்கு வேண்டிய சரக்கு.

ஒரு சிறுகதைக்கு ஒருவரின் ஒரேயொரு அவதானிப்பு போதும். வாசிக்கும்போது கொப்பியின் இடப்பக்கத்தில் அதைக் குறியுங்கள். வலப்பக்கத்தில், அதே குணத்தைப் பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ வங்கி வரிசையிலோ கண்ட இடத்தை எழுதுங்கள். வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும் கருத்து இன்னும் எழுதத் தயாராகவில்லை.

தொடங்க நல்ல நூல் இந்தத் தீவிலேயே பிறந்தது. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரையில் பௌத்த அறிஞர் புத்தகோசர் பாளியில் எழுதிய விசுத்திமக்கம், தியானம் பழக வருபவரின் சுபாவத்தை ஆறாகப் பிரிக்கிறது: ஆசை, வெறுப்பு, மயக்கம், நம்பிக்கை, அறிவு, அலைபாயும் எண்ணம். முதல் மூன்றும் 360ஆம் குறள் சொல்லும் காமம், வெகுளி, மயக்கம் என்பவையே. மூன்றாம் அத்தியாயம் எழுத்தாளருக்குப் பொக்கிஷம். நடை, படுக்கை, சாப்பாடு, கூட்டுகிற விதம் என்று பார்த்துச் சுபாவத்தை அறியும் வழியை அது சொல்கிறது. ஆசைச் சுபாவக்காரர் துடைப்பத்தை நன்றாகப் பிடித்து, அவசரமில்லாமல், சீராகக் கூட்டுவார். வெறுப்புச் சுபாவக்காரர் இறுக்கிப் பிடித்து, மணலை இருபுறமும் குவித்து, கரகரவென்ற சத்தத்தோடு கூட்டுவார். மயக்கச் சுபாவக்காரரின் பிடி தளர்ந்திருக்கும். கூட்டிய இடமும் துப்புரவாக இராது. சாப்பாட்டில் முதலாமவர் இனிப்பை விரும்பி, அளவான உருண்டை பிடித்து ருசிப்பார். இரண்டாமவர் புளிப்பை விரும்பி, வாய்நிறைய அள்ளி அவசரமாக உண்பார். மூன்றாமவருக்கு நிலையான விருப்பமே இல்லை. சிந்துவார், வாயைச் சுற்றிப் பூசிக்கொள்வார், மனம் வேறெங்கோ இருக்கும்.

இதைக் காட்சியாக்குவோம். வெள்ளவத்தையில் ஒரு பிளாட். தாயின் அந்தியேட்டி முடிந்து அக்கா, அண்ணன், தம்பி மூவரும் வீட்டை ஒதுக்குகிறார்கள். மூவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்து 300 சொற்களில் எழுதுங்கள். கோபம், துக்கம், பாசம் போன்ற சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். பிறகு பெயர்களை அடித்துவிட்டு ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். யார் மூத்தவள், யார் கடைக்குட்டி என்று பிடிபடாவிட்டால் செயல்கள் பொதுவாக இருக்கின்றன, திருத்துங்கள். அடுத்து, ஒரே ஒருமுறை ஒருவரின் பழக்கத்தைக் குலையுங்கள். சாறி ஒவ்வொன்றையும் மடிப்புக் கலையாமல் அடுக்கிய அக்கா, ஒரு சாறியை மட்டும் கசக்கிப் பைக்குள் திணிக்கிறாள். ஏன்? கதை அங்கேதான் தொடங்குகிறது. இந்த அடையாளங்களை முழுக்க நம்பிவிட வேண்டாம், சுபாவங்கள் கலந்தும் வரும் என்று நூலே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை மறந்தால் மூன்று பொம்மைகள்தான் மிஞ்சும்.

யுங்கிடம் எடுக்கத்தக்கது ‘நிழல்’. தன்னிடம் இருப்பதை ஏற்க மறுக்கும் ஒருவர், அதையே பிறரிடம் கண்டு கொதிப்பார். பாத்திரத்தால் பிறரிடம் சகிக்க முடியாத ஐந்து விஷயங்களைப் பட்டியலிடுங்கள். ஒன்றைத் தெரிந்தெடுத்து, யாரும் பாராத வேளையில் அதையே அவரைச் செய்ய வையுங்கள். “இவன் சின்னனிலேயே எல்லாத்தையும் ஒளிக்கிறவன்” என்று தம்பியைச் சொல்லும் அண்ணன், அலுமாரிக்குள் கிடைத்த காணி உறுதியைத் தன் பைக்குள் வைக்கிறார். அவருக்கு அது களவு அல்ல, பாதுகாப்பு. இங்கே பலர் செய்யும் பிழை, அதே காட்சியில் அவருக்கு ஞானோதயம் வரவைப்பது. தன் நிழலை அவ்வளவு சுலபமாகக் காண முடிந்தால் அது நிழலாக இருந்திராது. அவர் காணாமலே போகட்டும். வாசகர் கண்டால் போதும்.

யுங் 1913இலிருந்து தன் மனதில் எழுந்த உருவங்களோடு உரையாடி எழுதிவைத்தவை, 2009இல்தான் ‘சிவப்பு நூல்’ என வெளிவந்தன. அந்த முறையைப் பாத்திரத்தோடு பழகலாம். இருபது நிமிடம், கையெழுத்தில், ஒரு கேள்வி, வருகிற பதில். நீங்களும் உரையாடலில் நிற்க வேண்டும். மறுத்துப் பேச வேண்டும். பாத்திரம் எப்போதும் உங்களோடு உடன்பட்டால், இரண்டு குரலும் உங்களுடையதே. இழப்பு இன்னும் பச்சைப் புண்ணாக இருப்பவர்கள் இதை இரவில் தனியே செய்ய வேண்டாம். மனம் குலைந்தால் நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரோடு பேசுங்கள்.

விக்டர் பிராங்கிள் நாஸி வதைமுகாம்களில் இருந்து மீண்ட வியன்னா மருத்துவர். வாழ்வுக்கு அர்த்தம் வரும் வழிகள் மூன்று என்றார்: ஆக்குகிற வேலை, அன்பும் அனுபவமும், தவிர்க்க முடியாத துன்பத்தின்முன் ஒருவர் எடுக்கும் நிலைப்பாடு. கதைக்கு இது நேரடியான பொறி. தம்பிக்கு முதலில் வேலை என்ற வழியை அடைத்துவிடுங்கள், பிறகு அன்பு என்ற வழியை. மூன்றாவது வழியில் அவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் எழுதுங்கள். ஆனால் துன்பம் மனிதரைப் புடம்போடும் என்று பிராங்கிளின் பெயரால் எழுதிவிடாதீர்கள். தவிர்க்கக்கூடிய துன்பமானால் அதன் காரணத்தை நீக்குவதே அர்த்தமுள்ள செயல் என்று அவர் தெளிவாகச் சொன்னார். போரைக் கண்ட நமக்கு இந்த வேறுபாடு உயிரானது. இதைத் தவறவிட்ட கதை, பாதிக்கப்பட்டவரிடமே பொறுமையைக் கேட்டு நிற்கும்.

சைவ சித்தாந்தத்தில் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்றொரு கருத்து உண்டு: அருகில் உள்ள நிறத்தைப் பளிங்கு ஏற்பதுபோல, உயிர் தான் சார்ந்ததன் இயல்பை ஏற்கும். கொழும்புக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி குறைவு. ஒரே அண்ணனைக் கந்தோரில் சிங்கள மேலாளரோடும், லண்டன் சித்தப்பாவோடு தொலைபேசியிலும், பிளாட்டின் காவலாளியோடும் பேசவிட்டு, அவருடைய மொழி, குரல், நிற்கும் நிலை மூன்றும் மாறுவதைப் பதியுங்கள்.

தன் குரு செல்லப்பா சுவாமியிடம் யோகர் சுவாமி கேட்ட வாசகங்களில் ஒன்று ‘எப்பவோ முடிந்த காரியம்’. யாழ்ப்பாணத்தவர் நன்கறிந்த வாசகம் என்பதால், அதை வசனமாக வைத்தால் வாசகர் தலையாட்டிவிட்டுக் கடந்துவிடுவார். கட்டமைப்பாக்குங்கள். பிளாட்டை விற்பதென்று தாய் இறக்குமுன்பே மூவரும் தனித்தனியே தீர்மானித்துவிட்டார்கள் என்பது முதற்பந்தியிலேயே வாசகருக்குத் தெரியட்டும். அதன்பின் நடக்கும் ஒவ்வொரு வாக்குவாதமும் வேறு கனத்தோடு ஒலிக்கும்.

இரண்டாம் பிரதியில் சிந்தனையாளரின் பெயர், ‘நிழல்’, ‘கர்மா’, ‘அகங்காரம்’ முதலிய கலைச்சொற்கள் எல்லாவற்றையும் வெட்டுங்கள். வெட்டியதும் ஒரு காட்சி விளங்காமல் போனால், விளக்க வசனம் சேர்க்காமல், பாத்திரத்தின் கைக்கு இன்னொரு வேலையைக் கொடுங்கள்.